தனியாகப் படம் பார்த்தவர்

இடைவேளை மணி அடித்து ஓய்ந்தது. விளக்குகள் அணைந்தன, முதலில் மேடைப் பக்கம், அப்புறம் நடுவில், கடைசியாக அவர் தலைக்கு மேலே, யாரோ பார்த்துப் பார்த்து இருட்டை அவர் பக்கம் தள்ளிக்கொண்டு வருகிற மாதிரி. சீனிச்சாமி இடது மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கடிகாரம் இருந்தது. அது ஓடி இருபது வருஷமாகிறது. ஆனாலும் இன்றைக்கு அதைக் கட்டிக்கொண்டுதான் வரவேண்டும் என்று தியேட்டர்காரர் ரத்தினவேல் கேட்டுக்கொண்டதால் நேற்றுப் புது வார் மாட்டியிருந்தார். புது வார் கையை அறுத்தது. இன்னும் நாற்பது நிமிஷம். நாற்பது நிமிஷத்தில் படத்தில் கொல்லைக் கதவு திறக்கும். அதற்குப் பிறகு பத்து நிமிஷத்தில் படம் முடியும், விளக்கு எரியும், ரத்தினவேல் மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுப்பார், அன்றைக்கு அந்தக் கதவு திறந்தபோது நீங்கள் பார்த்தது என்ன, உங்கள் வாயால் சொல்லுங்கள் என்பார், முந்நூறு பேர் வாயைப் பிளந்துகொண்டு காத்திருப்பார்கள். என்ன பார்த்தார்? ஒரு மண்ணும் பார்க்கவில்லை. அதுதான் விஷயம். நாற்பத்தைந்து வருஷமாக அருப்புக்கோட்டை முழுக்க 'தனியாகப் பேய்ப் படம் பார்த்த சீனிச்சாமி' என்று பேர் வாங்கி, அந்தப் பேரிலேயே பெண் கட்டி, மில்லில் அந்தப் பேரிலேயே யூனியன் தேர்தலில் நின்று ஜெயித்து, ஓய்வும் பெற்றாகிவிட்டது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அந்தக் கணக்கில் சீனிச்சாமியைப் போலக் கெட்டிக்காரன் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. அவர் பார்க்கவில்லை என்பது இந்த உலகத்தில் ஒரே ஒரு உயிருக்குத்தான் தெரியும், அது அவரேதான். இன்னொன்றுக்கும் தெரியும். அது உயிரா என்பதில்தான் அவருக்குச் சந்தேகம்.

பக்கத்துச் சீட்டில் அவர் மனைவி வேலுத்தாய் வறுகடலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். காகிதம் சரசரத்ததில் அவருக்குத் தோள் தூக்கிப்போட்டது. இந்த இடத்தில் வந்து உட்கார்ந்ததே அவளால்தான். முன்வரிசையில் பேர் எழுதி ஒட்டி, துண்டு விரித்து, இரண்டு நாற்காலி தனியாகப் போட்டிருந்தார் ரத்தினவேல். வேலுத்தாய் அதைப் பார்த்தாள், கழுத்து வலிக்கும் என்றாள், விறுவிறுவென்று பின்னால் நடந்து இடது ஓரமாக ஒரு சீட்டில் பையை வைத்துவிட்டாள். அந்தக் காலத்தில் அந்த மூலையில் இடுப்பளவுக்கு ஒரு சுவர் இருக்கும், சுவருக்குப் பின்னால் பெஞ்சுகள், சுவர்மேல் 'பெண்கள்' என்று சுண்ணாம்பில் எழுதியிருக்கும். இப்போது சுவரும் இல்லை, பெஞ்சும் இல்லை, மெத்தை தைத்த நாற்காலி, குளிர்சாதனம். ஆனாலும் அந்த மூலை அந்த மூலைதானே. குரல் வந்தது இங்கிருந்துதான். அவருக்கு உட்கார மனசில்லை. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று அவள் கேட்டால் பதில் சொல்ல இத்தனை வருஷத்தில் அவர் எதையும் தயார் செய்து வைத்துக்கொள்ளவில்லை.

"என்னங்க இப்படி வேர்க்குது?"

"ஏசி போடல போல."

"போட்டிருக்காங்க. எனக்குக் குளிருது." கடலையை அவர் உள்ளங்கையில் கொட்டினாள். கடலை ஈரக்கையில் ஒட்டிக்கொண்டது.

படத்தில் மழை ஆரம்பித்துவிட்டது. முன்பாதி முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகள் சிரித்துத் தள்ளினார்கள். ரப்பர் வௌவால் பறந்தபோது அதைக் கட்டியிருந்த கயிறு பளிச்சென்று தெரிந்தது. படத்தைக் கணினியில் போட்டுக் கழுவித் துடைத்திருக்கிறார்களாம், அன்றைக்குத் தெரியாததெல்லாம் இன்றைக்குத் தெரிகிறது. மாமியார்க்காரியின் பொய்முடி விளிம்பு தெரிந்ததற்கு விசில் வேறு. சிரியுங்கடா சிரியுங்க, என்று சீனிச்சாமி நினைத்துக்கொண்டார், கதவு தட்டும்போது பார்ப்போம். 'கொல்லைக் கதவு' கதை தெரியாதவர்கள் இந்த ஊரில் இல்லை, வெளியூர்க்காரர்களுக்காக வேண்டுமானால் சொல்லலாம். பெரிய வீடு. மூத்த மருமகள் செண்பகம் நிறைமாசம். ஏதோ ஒரு பழியைச் சுமத்தி, கொட்டுகிற மழையில் ஒரு நட்டநடுப் பகலில் மாமியார் அவளைக் கொல்லைப்பக்கம் தள்ளித் தாழ் போட்டுவிடுகிறாள். அவள் தட்டுகிறாள், தட்டுகிறாள், ஒருவரும் திறக்கவில்லை. சாயங்காலம் கிணற்றில் கிடக்கிறாள். அதிலிருந்து மழை பெய்கிற உச்சிப்பொழுதெல்லாம் கொல்லைக் கதவு தட்டப்படும். மூன்று தட்டு. இரண்டு சேர்ந்தாற்போல், கொஞ்சம் யோசித்த மாதிரி விட்டு, மூன்றாவது. இளைய மருமகளாக வருகிறவளிடம் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள், எதுவும் கேட்காதது மாதிரி இருந்துகொள் என்று. கடைசியில் அவள் போய்த் திறப்பாள். அவ்வளவுதான் படம். இதற்குப் போய் நூறு நாள் கூட்டம், அதற்குப் பிறகு நாலு தரம் மறுபடி திரையிட்டு நாலு தரமும் கூட்டம், டிவியில் போட்டால் தெருவில் நடமாட்டம் இல்லை, இப்போது பேரன் பேத்தி வயசில் இருப்பதுகள் வரிசையில் நின்று பார்க்க வந்திருக்கின்றன. என்ன இருக்கிறது இதில்? கயிறு தெரிகிற வௌவாலைப் பார்த்துச் சிரித்த அதே வாய், அந்த மூன்று தட்டுக்கு ஏன் மூடிக்கொள்கிறது?

அவர் இந்தப் படத்தை அதற்குப் பிறகு பார்த்ததே இல்லை. முதல் தரம் திரும்ப வந்தபோது அவருக்கு ராத்திரி ஷிப்ட். இரண்டாம் தரம் காய்ச்சல். மூன்றாம் தரம் மாலை போட்டிருந்தார். நாலாம் தரம் என்ன காரணம் சொன்னார் என்பது அவருக்கே மறந்துவிட்டது, வேலுத்தாய்க்கு ஞாபகம் இருக்கும், அவள் எதையும் மறக்கமாட்டாள். அவள் மட்டும் ஒவ்வொரு தரமும் போய்விடுவாள். திரும்பி வரும்போது கண் சிவந்திருக்கும். பயந்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொள்வார், பயந்த பெண்டாட்டிக்குத் தைரியம் சொல்கிற புருஷனாகக் கொஞ்ச நேரம் இருப்பது அவருக்கும் பிடித்திருந்தது. "நான் தனியாவே பார்த்தவன்டி" என்பார். "ஆமா" என்பாள். அவ்வளவுதான் சொல்வாள். வந்தவர் போனவரிடமெல்லாம் அவர் அந்தக் கதையைச் சொல்லும்போது அவள் காப்பி கொண்டுவந்து வைப்பாள், தம்ளரை எடுத்துப் போவாள், ஒரு நாளும் இது எனக்குத் தெரிந்த கதைதானே என்று முகம் சுளித்ததில்லை. ஒரு மனுஷன் ஒரே பொய்யை நாற்பத்தைந்து வருஷம் சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறவளுக்கு என்ன ஆகும் என்று அவர் யோசித்ததேயில்லை. இப்போது இருட்டில் யோசனை வந்தது.

டொக் டொக். டொக்.

சிரிப்பு நின்றது. முன்னால் யாரோ "டேய், வாயை மூடு" என்றான். சீனிச்சாமிக்குப் பின்னங்கழுத்தில் அதே இடத்தில் அதே ஜில்லிப்பு. எழுபத்தொன்பதாம் வருஷம், ஐப்பசி. எல்லாம் இந்த வாயால் வந்த வினை. மில் வாசல் டீக்கடையில் நாலு பேர் இந்தப் படத்தைப் பற்றி நடுங்கி நடுங்கிப் பேச, "ப்பூ, இதுக்குப் போயா" என்று ஒரு வார்த்தை விட்டார். ரத்தினவேலின் அப்பா அந்த வாரம்தான் போஸ்டர் ஒட்டியிருந்தார்: அரங்கத்தில் தன்னந்தனியாக அமர்ந்து முழுப்படமும் பார்ப்பவருக்குக் கைக்கடிகாரம் பரிசு. பேய் நடமாடும் உச்சிவேளையில், காலை ஆட்டத்துக்கும் மதிய ஆட்டத்துக்கும் நடுவில். மறுநாளே நாலு பேரும் சேர்ந்து சீனிச்சாமி பேரைக் கொடுத்துவிட்டார்கள். புலிவாலைப் பிடித்தாயிற்று. வாசலில் ஊரே கூடியிருந்தது. மயக்கம் போட்டால் பார்த்துக்கொள்ள ஒரு கம்பவுண்டர், தூக்கிக்கொண்டு போக ஒரு வேன். கதவையெல்லாம் வெளியிலிருந்து பூட்டினார்கள். தகரக் கொட்டகைக்குள் அறுநூறு பேர் உட்கார்கிற இடத்தில் ஒரே ஒருத்தன், இருபத்திரண்டு வயசு, நடுவில் ஒரு நாற்காலி, தோளில் ஒரு துண்டு. படம் ஓடத் தொடங்கியதும்தான் அவருக்குத் தெரிந்தது, பேய்ப் படத்தில் பயமுறுத்துவது திரை இல்லை, முதுகு. திரையில் வருவது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று தெரியும். முதுகுக்குப் பின்னால் முந்நூற்றுச் சொச்சம் காலி நாற்காலி. அவை காலியாகத்தான் இருக்கின்றன என்பதற்கு என்ன உத்தரவாதம்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கண்ணை மூடிக்கொண்டவனுக்கு என்னவெல்லாம் பேய் என்று அந்தப் பழமொழி சொன்னவனுக்குத் தெரியாது. இடைவேளைக்கு அப்புறம் அந்தத் தட்டு கேட்டதும் சீனிச்சாமி துண்டை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டார், இரண்டு காதிலும் துண்டின் முனையைச் சுருட்டித் திணித்தார், குனிந்து முழங்காலுக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டார். வீரன் பார்த்த படம் இதுதான்.

துண்டுக்குள் இருந்தாலும் சத்தம் வரத்தான் செய்தது. மழை. தட்டு. தாழ்ப்பாள் கிறீச்சிடுவது. கதவு மெல்ல, மெல்ல, ஒரு யுகமாகத் திறப்பது. அதற்குப் பிறகு படத்தில் சத்தமே இல்லை, மழைகூட நின்றுவிட்டது. அந்த அமைதியில்தான், பின்னாலிருந்து, இடது பக்கமாக, ஒரு பெண் உச்சுக்கொட்டினாள். இரண்டு தரம். அப்புறம் மெதுவாக, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போல, "ஐயோ பாவம்." படத்துக் குரல் முன்னாலிருந்து வரும், இது பின்னாலிருந்து வந்தது. அவர் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அங்கேயே செத்திருப்பார் என்று இன்றைக்கும் நம்புகிறார். படம் முடிந்து கதவைத் திறந்து, ஆளைத் தோளில் தூக்கி, மாலையைப் போட்டு, கதவு திறந்தப்ப என்ன பார்த்தே சீனி, என்று நாலு திசையிலிருந்தும் கேட்டபோது வாய் தன்னாலே சொன்னது: "கால் ரெண்டும் திரும்பியிருந்துச்சு. குதிகால் முன்னாடி." நாங்க பார்க்கலையே என்று ஒருவன் கேட்டான். கேட்காமல் இருப்பானா, அவன் ஏற்கெனவே மூன்று தரம் பார்த்தவன். "கூட்டத்துல பார்த்தா அது காட்டாது. தனியா பார்த்தாத்தான் காட்டும்." இந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. பழைய பிரிண்ட், மங்கலான திரை, அந்தக் கட்டம் வந்தால் கொட்டகையே கண்ணை மூடிக்கொண்டு அலறும், அவனவன் அவனவனுக்குப் பயமானதைப் பார்த்துக்கொண்டான். தலைவிரிகோலம் என்றான் ஒருவன், கையில் குழந்தை என்றான் இன்னொருவன். எல்லாவற்றையும்விடச் சீனிச்சாமி சொன்ன திரும்பிய கால்தான் ஊரில் நிலைத்துவிட்டது. ஆனால் இன்றைக்குப் படம் கழுவித் துடைத்துக் கண்ணாடி மாதிரி இருக்கிறது. கயிறு தெரிந்ததே. காலும் தெரியும். தெரிந்தால் அது எந்தப் பக்கம் பார்த்திருக்கும்?

ஊர் சிரிக்கட்டும், சிரித்துவிட்டுப் போகட்டும், அறுபத்தேழு வயசில் ஊர் சிரித்து என்ன ஆகப்போகிறது. அதற்கு அவர் வேர்க்கவில்லை. ஐயோ பாவம் என்றது எதற்கு? யாரை? அந்த அரங்கத்தில் இருந்தது அவர் ஒருத்தர்தான். பயந்து சுருண்டு கிடந்தவனை ஒன்று பார்த்திருக்கிறது, பாவம் என்று சொல்லியிருக்கிறது, அவனுக்கு வரப்போவது தெரிந்து சொல்லியிருக்கிறது. அடுத்த தையில் கல்யாணம். வேலுத்தாயின் அம்மா தானே வந்து கேட்டாள், கொட்டகையில் பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கிற சொர்ணத்தம்மாள், இப்படியொரு தைரியசாலிக்குப் பெண்ணைக் கொடுக்கக் கொடுத்துவைத்திருக்கணும் என்றாள். மறுவருஷம் பிள்ளை பிறந்தது. பதினோரு நாள் இருந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் அந்தச் சின்னப் பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு நடந்தபோது சீனிச்சாமியின் காதில் ஒப்பாரி எதுவும் விழவில்லை, அந்த உச்சுக்கொட்டல்தான் கேட்டது. இதைத்தான் சொன்னாயா. அப்போதே தெரியுமா உனக்கு. அந்த இருட்டிலிருந்து எதையோ தன் முதுகில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் தான்தான் என்று அன்றைக்கு அவருக்கு உறுதியாகிவிட்டது. பொய் சொல்லிக் கடிகாரம் வாங்கியவன் வீட்டில் அது குடியேறிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு பெண்கள் பிறந்து, நன்றாக வளர்ந்து, நல்ல இடத்தில் வாழ்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு பிரசவத்துக்கும் அவர் யாருக்கும் தெரியாமல் இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போய் வேண்டுதல் முடிச்சுப் போட்டுவிட்டு வந்தார். வேலுத்தாயிடம் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது? உன் பிள்ளையை நான் கொண்டுவந்தது தின்றுவிட்டது என்றா? பாவம் என்கிற சொல்லை அதற்குப் பிறகு எத்தனையோ பேர் வாயில் கேட்டிருக்கிறார். வேலுத்தாயே நாளைக்குப் பத்துத் தடவை சொல்வாள், செத்த எலிக்கும் சொல்வாள், டெபாசிட் போன வேட்பாளருக்கும் சொல்வாள். அதெல்லாம் வெளிச்சத்தில் சொல்கிற சொல். அன்றைக்குக் கேட்டது காலிக் கொட்டகையில் தகரக் கூரையில் பட்டு உச்சந்தலையில் வந்து இறங்கிய குரல்.

இளைய மருமகள் நடையில் நடந்து வருகிறாள். கையில் விளக்கு இல்லை, பகல்தானே, ஆனால் மழைப் பகல், கூடமெல்லாம் சாம்பல் பூத்த வெளிச்சம். ஒற்றை வயலின். இந்த இடத்திலிருந்து அவருக்குப் படம் மனப்பாடம், காதுக்கு மட்டும். பதினான்கு காலடி. மாமியார் பின்னாலிருந்து "திறக்காதே" என்பாள். ஒன்று, இரண்டு, மூன்று. இன்றைக்குத் துண்டு இல்லை, பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். கண்ணைத் திறந்துதான் வைத்திருக்கப்போகிறோம். ஏழு, எட்டு. முந்நூறு பேர் இருக்கிறார்கள், முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிறது. பதினொன்று. பதினொன்று வேண்டாம். பதினோரு நாள். பன்னிரண்டு. "திறக்காதே!" தாழ்ப்பாளில் அவள் கை போனது. சீனிச்சாமியின் கண் அவரைக் கேட்காமலே மூடிக்கொண்டது. மழை. கிறீச். மெல்ல, மெல்ல. அரங்கத்தில் ஒரு மூச்சு இல்லை, ஒரு கடலை உடைகிற சத்தம் இல்லை, மழையும் நின்றது. வருகிறது, இப்போது வரும், நாற்பத்தைந்து வருஷமாக இந்த மூலையிலேயே உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தது, இவனே தேடி வந்து அதன் மடியில் உட்கார்ந்துவிட்டான்.

உச். உச்.

"ஐயோ பாவம்."

காதுக்குப் பக்கத்தில். இடது பக்கமாக. அதே குரல், ஒரு மாற்றுக் குறையாமல் அதே குரல். உடம்பெல்லாம் ஒரே நரம்பாகி இழுத்தது. இந்தத் தடவை சீனிச்சாமி திரும்பினார். ஏன் திரும்பினார் என்றால், இனிமேல் அது எடுத்துக்கொள்ள அவரிடம் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. திரும்பிக் கண்ணைத் திறந்தார். வேலுத்தாய் உட்கார்ந்திருந்தாள். திரை வெளிச்சம் முகத்தில் விழுந்து, வாய் கொஞ்சம் திறந்து, இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்த கடலையை மறந்து, கண் நிறைய நீரோடு படம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயா?"

"என்ன நீயா? படத்தைப் பாருங்க."

"அன்னிக்கு. பின்னாடி. அது நீயா?"

வேலுத்தாய் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இதே இடந்தான். இங்கன ஒரு பெஞ்சு கெடக்கும்" என்றாள். "மொதல்ல படத்தைப் பாருங்க. இன்னிக்காவது பாருங்க."

பார்த்தார். கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. வெளியே யாருமில்லை. சொட்டுகிற வாழை, கிணற்றுச் சுவர், ஈரமண். நிலைப்படிக்கு அந்தப் பக்கம், படியில் ஏறப்போகிற இடத்தில், ஈரப்பாதம் ஒன்று பதிந்திருந்தது. வலது பாதம். பக்கத்தில் இன்னொன்று பதிந்தது. அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. இரண்டு பாதமும் வீட்டைப் பார்த்தபடி நேராக, அடக்கமாக, புதுப்பெண் வாசலில் நிற்கிற மாதிரி நின்றன. உள்ளே இளைய மருமகள் நிற்கிறாள், மாமியார் நிற்கிறாள், வீடே நிற்கிறது. வா என்று சொல்ல ஒரு வாய் இல்லை. கூப்பிடாமல் படியேற அதற்கும் தெரியவில்லை. படம் அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது, வெகுநேரம், பார்க்கிறவர்களுக்கே வாய்வரைக்கும் அந்தச் சொல் வந்துவிடுகிற அளவுக்கு. பிறகு ஈரம் மெல்லக் காய்ந்தது. விரல்கள் முதலில் போயின, கடைசியாகக் குதிகால். குதிகால் பின்னால்தான் இருந்தது.

இதற்காகவா. இதையா நாற்பத்தைந்து வருஷம். மாமியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததும் படம் முடிவை நோக்கி ஓடியதும் அவருக்குத் தெரியவில்லை. வேலுத்தாய் தலையைச் சாய்த்துக் கிசுகிசுவென்று சொல்லிக்கொண்டு வந்தாள், ரசம் வைக்கிற பக்குவம் சொல்கிற குரலில். வயசுப்பிள்ளை பேய்ப் படம் பார்த்தால் பிடித்துக்கொள்ளும் என்று அவள் அம்மா உள்ளேயே விடவில்லையாம். காலை ஆட்டம் முடிந்து கூட்டுகிற நேரத்தில் விளக்கமாற்றோடு உள்ளே வந்தவள் பெஞ்சுக்கடியில் படுத்துக்கொண்டாளாம். வெளியிலிருந்து பூட்டுப் போட்ட பிறகுதான் முன்னால் ஒரு இளந்தாரி உட்கார்ந்திருப்பதே தெரிந்ததாம்.

"ஏன் சொல்லல இத்தனை நாளா?"

"எங்கிட்டுச் சொல்ல? பூட்டுன கொட்டாய்க்குள்ள ஒரு ஆம்பளையோட இருந்தேன்னு அப்பச் சொன்னா என் பேரு என்னத்துக்கு ஆகும்? கல்யாணத்துக்கப்புறம் சொன்னா உங்க பேரு என்னத்துக்கு ஆகும்?"

"அப்ப துண்டு..."

"பார்த்தேன்."

"பின்ன எதுக்குடி என்னையக் கட்டுன?"

"அம்புட்டுப் பயந்தும் எந்திரிச்சு ஓடல பாருங்க. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

"கதவு பூட்டியிருந்துச்சு வேலுத்தாயி."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அது எனக்கு அப்பத் தோணல" என்றாள். கடலையை வாயில் போட்டுக்கொண்டாள்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. அதையும் கேட்டார். "பாவம்னு சொன்னியே. யாரைச் சொன்ன? என்னையா?" வேலுத்தாய் முதல் தடவையாகத் திரையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள், இந்த மனுஷனுக்கு என்ன வந்தது என்று. "உங்களை எதுக்குச் சொல்றேன்? வாசல்ல நிக்கிறால்ல, அவளை." அவளை. அவரை இல்லை. யாருக்கும் எதுவும் முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை. எதுவும் அவர் முதுகில் ஏறி வீட்டுக்கு வரவில்லை. பிள்ளை போனது பிள்ளையின் விதி, ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா சொன்னாளே, இருதயத்தில் பிறவிக்கோளாறு என்று, அதை அவர் ஒரு நாளும் காதில் வாங்கியதில்லை. பதினேழு வயசுப் பெண் ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்து படம் பார்த்து இரக்கப்பட்டிருக்கிறாள், அவ்வளவுதான். சீனிச்சாமி அழுதார். சத்தம் வராமல் அழத் தெரியாத மனுஷர், நல்லவேளையாகப் படத்திலும் அந்த நேரம் அழுதுகொண்டிருந்தார்கள். வேலுத்தாய் ஒன்றும் கேட்காமல் முந்தானையை அவர் பக்கம் தள்ளினாள்.

விளக்கு எரிந்தது. ரத்தினவேல் கூப்பிட்டார், கைதட்டினார்கள், அவர் நடந்து போனார், மேடையில் ஏறினார், மைக் கையில் இருந்தது. "ஐயா, தன்னந்தனியா பார்த்தீங்க. கதவு திறந்தப்போ உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது என்ன? இந்தத் தலைமுறைக்குச் சொல்லுங்க." முந்நூறு முகம். பின்னால், இடது ஓரத்தில், வேலுத்தாய் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவர் பேரைக் காப்பாற்றுகிறாள், இப்போதும். அதைப் பார்த்ததும்தான் அவருக்கு வாய் திறந்தது.

"தனியா பார்க்கல" என்றார். "எனக்குப் பின்னால ஒருத்தி உக்காந்திருந்தா."

கொட்டகை இடிந்தது. விசில், அலறல், முன்வரிசையில் ஒரு பெண் தோழியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், பத்துப் பன்னிரண்டு செல்போன்கள் உயர்ந்தன. இதைவிட நல்ல பேய்க் கதையை அவர் வாழ்நாளில் சொன்னதில்லை. "நிசமாத்தான்யா சொல்றேன்" என்றார், இன்னும் பலமாக விசில் அடித்தார்கள். "நான் படமே பார்க்கல. துண்டைப் போட்டு மூடிக்கிட்டேன். பார்த்தது அவதான். அந்தா, அங்க உக்காந்திருக்கா." கையை நீட்டினார். முந்நூறு தலையும் சேர்ந்தாற்போல் திரும்பியது. வறுகடலைப் பொட்டலமும் கையுமாக ஒரு கிழவி. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. ரத்தினவேல் இன்னொரு மைக்கை எடுத்துக்கொண்டு அரங்கத்தின் நடுவே ஓடினார்.

"அம்மா, நிசமாவே நீங்களா? பதினேழு வயசுல, தனியாவா? பயமா இல்லியா?"

வேலுத்தாய் மைக்கைக் கையில் வாங்கவில்லை. ரத்தினவேல் பிடித்திருந்ததிலேயே பேசினாள். "அது பாட்டுக்கு வாசல்ல நிக்குது. ஈரத்தோட. வான்னு சொல்ல அந்த வீட்டுல ஒருத்தரும் இல்ல. எத்தனை தடவை போட்டாலும் யாராச்சும் சொல்லுவாங்களான்னுதான் வந்து வந்து பார்க்குறேன். அதுக்கு எதுக்குய்யா பயப்படணும்?"

யாரும் விசில் அடிக்கவில்லை. மேடையில் சீனிச்சாமி மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கடிகாரத்தைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தார். புது வார், சட்டென்று கழலவில்லை.